வீட்டுல டியோடரன்ட் செய்யணுமா: சோடாவா, மக்னீசியாவா, படிகாரமா?

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்விய நீங்களே உங்கள கேட்டுக்கோங்க. உங்களுக்கு வேர்வை நிக்கணுமா, இல்ல வாடை நிக்கணுமா? ரெண்டும் ஒண்ணுதான்னு நெனச்சிக்கிட்டு வீட்டுல டியோடரன்ட் கிண்ட உக்கார்றவங்கதான் அதிகம், அப்புறம் ரெண்டு நாள் போட்டுப் பாத்துட்டு சட்டை ஈரமாவே இருக்கே, இது வேலைக்கு ஆகாதுன்னு தூக்கிப் போட்டுட்டு பழைய ஸ்ப்ரேவுக்கே திரும்பிருவாங்க. கடையில வாங்குற ஆன்டிபெர்ஸ்பிரன்ட்ல இருக்கிற அலுமினியம் உப்பு வேர்வைத் துவாரத்துக்குள்ள போய் ஜெல் மாதிரி உறைஞ்சு தற்காலிகமா அடைச்சிக்கும், அதனாலதான் ஈரம் குறையுது. வீட்டுல இருக்கிற எந்தப் பொருளும் அந்த வேலைய அந்த அளவுக்கு செய்யாது. படிகாரம் மட்டும் கொஞ்சூண்டு சுருக்கும், அவ்ளோதான். ஆக வீட்டுல செய்றது எல்லாமே வாடைக்குத்தான், ஈரத்துக்கு இல்ல. இத ஒத்துக்க முடியலன்னா மேல படிக்கவே வேணாம், நேரம் மிச்சம்.

சரி, வாடை எங்கேர்ந்து வருது? வேர்வையே நாறும்னு நெனைக்கிறோம், ஆனா அப்பதான் வர்ற புது வேர்வைக்கு கிட்டத்தட்ட வாடையே கிடையாது. உடம்புல ரெண்டு விதமான வேர்வைச் சுரப்பி முக்கியமா இருக்கு. எக்ரைன்னு ஒண்ணு, உடம்பு பூரா லட்சக்கணக்குல இருக்கும், அது விடுறது உப்புத் தண்ணி, உடம்பக் குளிர வைக்கத்தான். இன்னொண்ணு அபோக்ரைன், இது அக்குள், இடுப்புக்குக் கீழ மாதிரி சில இடத்துல மட்டும் இருக்கு, வயசுக்கு வர்றப்பதான் வேலை செய்ய ஆரம்பிக்கும், அதனாலதான் சின்னப் பசங்க எவ்ளோ ஓடியாடி வேர்த்தாலும் பெரியவங்க மாதிரி நாத்தம் வராது. இந்த அபோக்ரைன் விடுற கொழகொழப்பான சமாச்சாரத்த அக்குள்ல குடியிருக்கிற பாக்டீரியா, முக்கியமா கோரினிபாக்டீரியம், அப்புறம் சில ஸ்டெஃபைலோகாக்கஸ் வகை, உடைச்சு சாப்பிட்டு வெளிய விடுற கழிவுதான் நம்ம மூக்குக்கு வாடையா வருது. அதுலயும் ரெண்டு ரகம் இருக்கு, ஒண்ணு புளிச்ச, ஆட்டுக்கெடா மாதிரி அடிக்கிற கொழுப்பு அமிலங்கள், இன்னொண்ணு வெங்காயம் அழுகின மாதிரி அடிக்கிற கந்தகம் கலந்த தயோஆல்கஹால். இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்த மனசுல வச்சிக்கோங்க, கீழ தேவைப்படும்.

நடுவுல ஒரு கிளைக்கதை. ஏபிசிசி11-ன்னு ஒரு ஜீன் இருக்கு. அதுல ஒரு குறிப்பிட்ட மாற்றம் அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் வந்தவங்களுக்கு அக்குள் வாடை ரொம்பக் கம்மியா இருக்கும், காதுக் குறும்பியும் பிசுபிசுன்னு இல்லாம காஞ்சு உதிரும். கொரியா, சீனா, ஜப்பான் பக்கம் இது ரொம்ப சகஜம். அதனால யாராவது நான் வெறும் தேங்காயெண்ணெய்தான் தடவுறேன், எனக்கு வாடையே வரலன்னு சொன்னா, அது எண்ணெயோட மகிமையா அவங்க ஜீனோட மகிமையான்னு ஒரு சந்தேகம் வச்சிக்கிறது நல்லது.

ஆக வாடைய சமாளிக்க நம்மகிட்ட இருக்கிறது நாலு வழி. பாக்டீரியாவ குறைக்கலாம், வெளிய வந்த அமிலத்த செயலிழக்க வைக்கலாம், ஈரத்த உறிஞ்சலாம், இல்ல வாசனைய மேல பூசி மறைக்கலாம். கடைசியா சொன்னதுக்குப் பேரு டியோடரன்ட் இல்ல, சென்ட். மத்த மூணுல எத எது செய்யுதுன்னு பாத்துதான் பொருள தேர்ந்தெடுக்கணும், இயற்கையா இல்லையாங்கிறத வச்சு இல்ல.

பேக்கிங் சோடா, எல்லாரும் முதல்ல போற இடம்

இயற்கை டியோடரன்ட்னு தேடினாலே முதல்ல வந்து நிக்கிறது இந்த ரெசிபிதான்: பேக்கிங் சோடா ஒரு பங்கு, கார்ன்ஃப்ளார் இல்லன்னா ஆரோரூட் மாவு ஒரு பங்கு, தேங்காயெண்ணெய் ஒரு பங்கு, நல்லா கொழைச்சு டப்பால போட்டு வச்சிக்கோங்க, முடிஞ்சது. செய்றதுக்கு அஞ்சு நிமிஷம் ஆகும். வேலையும் செய்யும், அதுல சந்தேகமே இல்ல. சோடா காரத்தன்மை உள்ளது, தண்ணில கரைச்சா பிஹெச் (அமிலமா காரமான்னு சொல்ற அளவு, 7-க்குக் கீழ அமிலம், மேல காரம்) 8-க்கு மேல நிக்கும், அந்தப் புளிச்ச வாடை அமிலங்கள இது உப்பா மாத்திரும், உப்பா மாறினது காத்துல பறக்காது, பறக்காதது மூக்குக்கு வராது. அறிவியல் இவ்ளோதான்.

பிரச்சினை என்னன்னா நம்ம தோல் அமிலத்தன்மைல இருக்கிறதுக்குப் பழகினது, பொதுவா 5-ஐ ஒட்டி, அக்குள்ல அதவிட கொஞ்சம் மேல. அது மேல தினம் தினம் 8-க்கு மேல உள்ள ஒரு பொருள, அதுவும் மொத்தக் கலவைல மூணுல ஒரு பங்கு அளவுக்கு, மடிப்புக்குள்ள, ஈரத்தோட, உரசுற இடத்துல பூசினா என்ன ஆகும்? முதல் வாரம் ஒண்ணும் ஆகாது. அதனாலதான் எல்லாரும் முதல் வாரத்துலயே சூப்பர்னு சொல்லிர்றாங்க. சில பேருக்கு அப்படியே வருஷக்கணக்குல ஒண்ணும் ஆகாம ஓடும், ஆனா நிறைய பேருக்கு ரெண்டாவது மூணாவது வாரத்துல அரிப்பு, செவப்பு, தோல் உரியுறது, அப்புறம் கறுத்துப் போறதுன்னு வரிசையா வரும். அப்ப வேற யாராவது வந்து இது டீடாக்ஸ், உள்ள இருக்கிற விஷம் வெளிய வருது, பொறுத்துக்கோங்கன்னு சொல்வாங்க பாருங்க, அதக் கேட்டாதான் எனக்குக் கோவம் வரும். அக்குள் வழியா எந்த விஷமும் வெளிய போறது கிடையாது, கழிவு வேலைய கல்லீரலும் சிறுநீரகமும் பாத்துக்குது. செவந்து அரிச்சா அது தோல் அழற்சி, உடனே நிறுத்தணும், அவ்ளோதான் அதுக்கு அர்த்தம்.

இன்னொரு குறையும் இருக்கு, இத யாரும் அவ்வளவா பேசுறது இல்ல. சோடா அமிலத்தத்தான் பிடிக்கும், மேல சொன்ன வெங்காய வாடை தயோஆல்கஹால அது அந்த அளவுக்கு பிடிக்காது. அதனால உங்க வாடை புளிச்ச ரகம்னா சோடா நல்லா கேக்கும், வெங்காய ரகம்னா சோடா போட்டும் சாயங்காலத்துக்குள்ள வாடை எட்டிப் பாக்கும். அப்படிப்பட்டவங்க சோடாவ இன்னும் இன்னும் அதிகமாக்கிட்டே போறாங்க, தோல்தான் போகுது.

சோடாதான் வேணும்னா அளவ குறைங்க. நூறு கிராம் கலவைக்கு அஞ்சு கிராம் போதும், மெல்லிய சல்லடைல சலிச்சுப் போடுங்க, இல்லன்னா அந்தப் பொடி மணல் மாதிரி உரசும், ஏன்னா சோடா எண்ணெய்ல கரையாது, பொடியாவேதான் கெடக்கும். முக்கியமா பேக்கிங் பவுடர எடுத்துறாதீங்க, பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா அதுல ஏற்கனவே அமில உப்பும் சேந்திருக்கும், வேர்வை பட்டதும் அதுக்குள்ளயே பொங்கி அடங்கிரும்.

மக்னீசியா, என்னோட ஓட்டு இதுக்குத்தான்

மக்னீசியம் ஹைட்ராக்சைடு. மருந்துக்கடையில மில்க் ஆஃப் மக்னீசியான்னு வெள்ளையா பால் மாதிரி விக்குமே, மலச்சிக்கலுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் குடிப்பாங்களே, அதேதான். இதுவும் காரம்தான், சொல்லப்போனா சோடாவ விட காரம், பிஹெச் 10-க்கு மேல. அப்ப இது இன்னும் மோசமாச்சேன்னு தோணும். ஆனா விஷயம் எங்க இருக்குன்னா, சோடா தண்ணில சுலபமா கரையும், வேர்வை பட்டதும் மொத்தமா தோல் மேல எறங்கிரும், மக்னீசியம் ஹைட்ராக்சைடு தண்ணில கிட்டத்தட்ட கரையாதுன்னே சொல்லலாம், ஒரு லிட்டருக்கு சில மில்லிகிராம்தான் கரையும், அதனால அது தோல் மேல சும்மா வெள்ளைப் பொடியா உக்காந்துகிட்டு, அமிலம் வர வர கொஞ்சம் கொஞ்சமா மட்டும் கரைஞ்சு அத அடக்கும். அதனாலதான் சோடா ஒத்துக்காத பல பேருக்கு இது ஒத்துக்குது. எல்லாருக்கும் ஒத்துக்கும்னு சொல்லல, ஆனா முதல்ல பாக்க வேண்டியது இதுதான்னு சொல்றேன்.

செய்முறைன்னு ஒண்ணும் இல்ல. சர்க்கரை, ஃப்ளேவர் எதுவும் இல்லாத சாதா பாட்டில் வாங்குங்க, புதினா ஃப்ளேவர் செர்ரி ஃப்ளேவர்லாம் வேணாம், இனிப்பு தோல்ல ஒட்டும். பாட்டில நல்லா குலுக்கி, உள்ளங்கைல அரை ஸ்பூனுக்கும் குறைவா ஊத்தி, குளிச்சுத் துடைச்ச அக்குள்ல மெல்லிசா தடவி, காயிற வரைக்கும் ரெண்டு மூணு நிமிஷம் கையத் தூக்கிக்கிட்டு நில்லுங்க. பாக்க காமெடியாத்தான் இருக்கும், என்ன பண்றது. விரல பாட்டிலுக்குள்ள விடாதீங்க. கறுப்பு சட்டை போடுற நாள்ல முழுசா காஞ்சதுக்கு அப்புறம் போடுங்க, இல்லன்னா வெள்ளைக் கோடு வரும், ஆனா தண்ணில தொடைச்சா போயிரும், எண்ணெய்க்கறை மாதிரி ஒட்டிக்கிட்டு உயிர எடுக்காது.

ரொம்ப நேரம் தாங்குமான்னு கேட்டா, ஏசி ரூம்ல உக்காந்து வேலை பாக்குறவங்களுக்கு ஒரு நாள் பூரா தாராளமா தாங்கும். வெயில்ல அலையிறவங்களுக்கு, உடற்பயிற்சி பண்றவங்களுக்கு மதியம் ஒருதடவை தொடைச்சிட்டு திரும்பப் போடணும், ஏன்னா வேர்வையோட வழிஞ்சு போயிரும். எண்ணெய், மெழுகு கலந்து பாம் (balm), அதாவது கெட்டியான களிம்பு மாதிரி செஞ்சா இன்னும் கொஞ்ச நேரம் ஒட்டி நிக்கும், அதுக்கு திரவமா இல்லாம பொடியா விக்கிற மக்னீசியம் ஹைட்ராக்சைடுதான் வேணும், கீழ வர்ற பாம் கலவைல சோடாவுக்கு பதிலா அதே அளவு போடலாம்.

படிகாரம்

சவரம் பண்ணி முடிச்சதும் தேய்க்கிற கல்லு. இத டியோடரன்ட் கிரிஸ்டல்னு அழகா பேர் வச்சு, மேல அலுமினியம் இல்லாததுன்னு எழுதி விக்கிறவங்களும் இருக்காங்க, அந்த எழுத்து சுத்தப் பொய். படிகாரத்தோட வேதிப்பேரே பொட்டாசியம் அலுமினியம் சல்ஃபேட். அலுமினியத்துக்கு பயந்து இயற்கைக்கு ஓடி வந்தவங்க படிகாரத்த கையில எடுத்தா அவங்க கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்துட்டாங்கன்னு அர்த்தம். ஒரு வித்தியாசம் உண்டு, ஆன்டிபெர்ஸ்பிரன்ட் அலுமினியம் மாதிரி இது துவாரத்துக்குள்ள போய் கெட்டியா அடைக்கிறது இல்ல, தோல் மேலயே உப்புப் படலமா நிக்குது. ஆனா அலுமினியமே இல்லன்னு சொல்றது வேற.

அலுமினியத்தால மார்பகப் புற்றுநோய் வரும்னு ஒரு பேச்சு ரொம்ப வருஷமா சுத்துது. இதுவரைக்கும் நடந்த ஆய்வுகள்ல அப்படி ஒரு தெளிவான தொடர்பு நிரூபணம் ஆகல, அமெரிக்கன் கேன்சர் சொசைட்டியும் இதத்தான் சொல்லுது. சிறுநீரக நோய் உள்ளவங்க மட்டும் டாக்டர கேட்டுட்டு பயன்படுத்தணும்னு அமெரிக்காவுல ஆன்டிபெர்ஸ்பிரன்ட் லேபிள்லயே போடச் சொல்லியிருக்காங்க, ஏன்னா அலுமினியத்த உடம்புலேர்ந்து வெளியேத்துறது சிறுநீரகம்தான். படிகாரத்துக்கும் அதே ஜாக்கிரதைய வச்சிக்கிட்டா தப்பு இல்ல.

இத எல்லாம் சொல்லிட்டு, படிகாரம் நல்லாவே வேலை செய்யும்னும் சொல்லணும். அதோட வழி சோடாவுக்கு நேர் எதிர். படிகாரம் கரைஞ்ச தண்ணி அமிலம், பிஹெச் 3-லேர்ந்து 4-க்குள்ள இருக்கும், பாக்டீரியாவுக்கு அங்க வாழுறது கஷ்டம், தோலையும் லேசா இறுக்கும். வாடை வந்ததுக்கு அப்புறம் அத அடக்குறது சோடாவோட வேலை, வாடையே வராம பாக்குறது படிகாரத்தோட வேலை. அதனால அந்த வெங்காய ரக ஆளுங்களுக்கு நான் முதல்ல சொல்றது இதத்தான். ஆனா கண்டிஷன் என்னன்னா சுத்தமா கழுவின, அப்பதான் குளிச்ச தோல்ல போடணும். சாயங்காலம் வாடை வந்ததுக்கு அப்புறம் எடுத்துத் தேய்ச்சா ஏற்கனவே வந்த வாடைய அது ஒண்ணும் பண்ணாது.

கல்ல தண்ணில நனைச்சு அக்குள்ல பத்து பதினஞ்சு தடவை தேய்ச்சு காய விட்டா போதும். கல்லாவே வச்சிக்க பிடிக்கலன்னா நூறு மில்லி காய்ச்சி ஆறவச்ச தண்ணில அஞ்சு கிராம் பொடிச்ச படிகாரம் கரைச்சு ஸ்ப்ரே பாட்டில்ல வச்சிக்கலாம், ஒரு வாரத்துக்கு வேண்டியத மட்டும் செய்யுங்க. கல்ல ஈரத்துலயே விட்டுட்டா கரைஞ்சு போயிரும், கீழ விழுந்தா சில்லு சில்லா உடையும், உடைஞ்ச முனை தோலக் கீறும், அதுக்கு அப்புறம் அத பொடி பண்ணி ஸ்ப்ரேவுக்குத்தான் வச்சிக்கணும். அப்பதான் சவரம் பண்ண அக்குள்ல போட்டா சுருக்குன்னு எரியும், அது சகஜம், ஆனா அஞ்சு நிமிஷத்துக்கு மேல எரிஞ்சா கழுவிருங்க. எண்ணெய் கிடையாது, மாவு கிடையாது, கல்லா வச்சிருந்தா கெட்டுப் போற பேச்சே இல்ல. சோம்பேறிகளுக்கு இதவிட தோதான பொருள் இல்ல, நானும் அந்தக் கட்சிதான்.

மத்ததெல்லாம் வேகமா

வினிகர்: ஆப்பிள் சிடர் வினிகர்ல சுமார் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம், அதே அளவு தண்ணி சேத்து பஞ்சுல தொட்டு தடவினா பாக்டீரியா குறையும், காஞ்சா வினிகர் வாடையும் போயிரும். வேலை செய்யுது, ஆனா படிகாரம் இருக்கும்போது இது எதுக்குன்னுதான் எனக்குத் தோணும். நேரா தண்ணி கலக்காம போட்டு எரிச்சுக்கிட்டவங்க உண்டு, போடாதீங்க.

எலுமிச்சம்பழம் வேணவே வேணாம். பிஹெச் 2-ஐ ஒட்டி இருக்கிற கடும் அமிலம் அது, அதுக்கு மேல அந்தச் சாறு பட்ட தோல்ல வெயில் பட்டா கொப்புளம் வந்து மாசக்கணக்குல கறுப்புத் தழும்பு நிக்கிற ஒரு வினை இருக்கு, பழத்துல உள்ள ஃப்யூரோகூமரின்கிற பொருள்தான் அதுக்குக் காரணம். கையில்லாத சட்டை போடுறவங்களுக்கு இது நெசமாவே ஆபத்து.

வெறும் தேங்காயெண்ணெய்: அதுல பாதியளவுக்கு லாரிக் அமிலம் இருக்கு, பாக்டீரியாவுக்கு எதிரா கொஞ்சம் வேலை செய்யும், ஆனா தனியா போட்டா லேசான வாடை உள்ளவங்களுக்கு மட்டும்தான் போதும், சட்டைல கறை நிச்சயம். வெறும் மாவு, அதாவது ஆரோரூட்டோ கார்ன்ஃப்ளாரோ, பிசுபிசுப்ப குறைக்கும், வாடைய தொடாது. டால்க் பவுடர இதுக்கு பதிலா சொல்றவங்களுக்கு, உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2024-ல டால்க்க புற்றுநோய உண்டாக்க வாய்ப்புள்ளதுங்கிற பட்டியல்ல சேத்திருக்கு, மாவு கையில இருக்கும்போது அந்த வம்பு எதுக்கு.

ஸ்பிரிட், அதாவது 70 சதவீத ஆல்கஹால், அவசரத்துக்கு நல்லது. வெளிய போன இடத்துல வாடை அடிக்குதுன்னா ஈரத்துணில தொடைச்சிட்டு ஹேண்ட் சானிடைசர் துளி தடவினா சில மணி நேரம் தப்பிக்கலாம். தினமும் போட்டா தோல் காஞ்சு வெடிக்கும்.

ஜிங்க் ஆக்சைடு: குழந்தைங்களுக்கு டயபர் புண்ணுக்குப் போடுற க்ரீம்ல இருக்கிறது. தோலுக்கு ரொம்ப சாது, பாக்டீரியாவையும் அடக்கும். 1888-ல அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியாவுல வந்த மம்ங்கிற க்ரீம்தான் கடைக்கு வந்த முதல் டியோடரன்ட்னு சொல்வாங்க, அதுலயும் துத்தநாகம்தான் முக்கிய சரக்கு. சோடாவ குறைக்கிறப்ப அந்த எடத்த நிரப்ப இத சேத்துக்கலாம். பொடிய அளக்குறப்ப மூக்குல ஏறாம மாஸ்க் போட்டுக்கோங்க.

கிளைகாலிக் அமிலம் இப்ப ரொம்ப ஓடுது, முகத்துக்குப் போடுற டோனர அக்குள்ல தடவுறாங்க. தோலோட பிஹெச்ச எறக்கி பாக்டீரியாவ கஷ்டப்படுத்துற அதே வழிதான், பல பேருக்கு நல்லா கேக்குது. ஆனா இத கடையில குறைஞ்ச அளவுல வாங்கிக்கோங்க, வீட்டுல கான்சன்ட்ரேட் வாங்கி கலக்குற வேலைய மட்டும் பண்ணாதீங்க, ஒரு அளவு தப்பினா தோல் வெந்துரும்.

எல்லாத்தையும் ஒண்ணா கலக்கலாமா

இங்கதான் நெறைய ரெசிபி சறுக்குது. படிகாரமும் நல்லது, சோடாவும் நல்லது, அப்ப ரெண்டையும் போட்டா இன்னும் நல்லதுன்னு கணக்குப் போட்டு ரெண்டையும் கொட்டுறாங்க. ஒண்ணு அமிலம், ஒண்ணு காரம், ஈரம் பட்டதும் ரெண்டும் சேந்து நுரைச்சு கேஸ் போயி, மிஞ்சுறது ரெண்டுக்கும் பிரயோஜனம் இல்லாத ஒரு வெள்ளைக் குழம்பு. வினிகரும் சோடாவும் அதே கதி, படிகாரமும் மக்னீசியாவும் சேந்தா நுரைக்காது, ஆனா ஒண்ண ஒண்ணு செயலிழக்க வச்சிரும். அமிலக் கட்சியா காரக் கட்சியான்னு முடிவு பண்ணி ஒரே பக்கம் நில்லுங்க. காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு நடுவுல குளிச்சிட்டு மாத்திக்கிட்டா அது பரவால்ல.

எசென்ஷியல் ஆயில் பத்தியும் சொல்லிர்றேன். டீ ட்ரீக்கு பாக்டீரியாவ கொல்லுற சக்தி உண்டு, லாவெண்டர் வாசனை நல்லாருக்கும், ஆனா தோல் அலர்ஜிக்கு முக்கியமான காரணங்கள்ல இந்த வாசனை எண்ணெய்களும் இருக்கு, பழசாகி காத்து பட்டு ஆக்சிடைஸ் ஆனா இன்னும் மோசம். நூறு கிராம் கலவைக்கு பத்து சொட்டு, அதாவது சுமார் அரை மில்லி, அதுக்கு மேல வேணாம். முப்பது நாப்பது சொட்டு போடச் சொல்ற ரெசிபிய பாத்தா மூடிட்டு அடுத்தத பாருங்க. அக்குள் மூடின இடம், சூடான இடம், அங்க எதுவும் சாதாரணத் தோல விட அதிகமாத்தான் உள்ள போகும். வாசனை இல்லாமலே செஞ்சா நஷ்டம் ஒண்ணும் இல்ல.

தண்ணி சேக்குற எந்தக் கலவையும், ரோஸ் வாட்டர், கத்தாழை ஜெல்லு எல்லாம் இதுல அடக்கம், பதப்படுத்தி இல்லாம வச்சா சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், கண்ணுக்குத் தெரியுறதுக்கு முன்னாடியே உள்ள கிருமி பெருகியிருக்கும். அதனால வச்சு வச்சு பயன்படுத்தணும்னா எண்ணெய், மெழுகு, பொடி மட்டும் உள்ள தண்ணியில்லாத பாம்தான் சரி.

பாம் செய்யணும்னு ஆசை இருந்தா

நூறு கிராமுக்கு என் கணக்கு இது: தேங்காயெண்ணெய் 35, ஷியா பட்டர் (ஷியாங்கிற கொட்டைலேர்ந்து எடுக்கிற கொழுப்பு) 20, தேன்மெழுகு 12, ஆரோரூட் மாவு 25, மக்னீசியம் ஹைட்ராக்சைடு பொடியோ சோடாவோ 5, ஜிங்க் ஆக்சைடு 3. தராசுல நிறுத்துப் போடுங்க, ஸ்பூன் கணக்கு ஒவ்வொருதடவையும் ஒவ்வொரு மாதிரி வரும். கொதிக்கிற தண்ணிப் பாத்திரத்துக்குள்ள இன்னொரு பாத்திரம் வச்சு மெழுக முதல்ல உருக்குங்க, அது உருக 62 டிகிரிக்கு மேல வேணும், அப்புறம் எண்ணெய், கடைசியா ஷியா பட்டர். அடுப்புலேர்ந்து எறக்கி, லேசா கெட்டிப்பட ஆரம்பிக்கிறப்ப பொடிகள சலிச்சுப் போட்டு கலக்குங்க, சூடா இருக்கறப்பவே கொட்டுனா பொடி எல்லாம் அடியில போய் படிஞ்சுரும், மேல பாதி வெறும் எண்ணெய், கீழ பாதி வெறும் சோடா, கடைசில கீழ் பாதிக்கு வர்றப்பதான் தோல் எரியும். டப்பால ஊத்தி உடனே ஃப்ரிட்ஜ்ல வச்சிருங்க, மெதுவா ஆறவிட்டா ஷியா பட்டர் ரவை ரவையா திரியும்.

தேங்காயெண்ணெய் 24, 25 டிகிரிலயே உருகிரும்ங்கிறதால சூடான ஊர்ல மெழுக 18 வரைக்கும் ஏத்தி எண்ணெய அந்த அளவுக்குக் குறைச்சிக்கணும், குளிர் ஊர்ல மெழுக 8-க்கு எறக்கலாம். பட்டாணி அளவு எடுத்து விரல்ல உருக்கி தடவினா போதும், அதுக்கு மேல போட்டா சட்டைக்குத்தான் போகும். வெளுத்த நிறப் பட்டுச் சட்டையெல்லாம் போடுறவங்க பாம் பக்கமே வராதீங்க.

இவ்ளோ வேலையும் பண்ணி வர்ற பாம், படிகாரக் கல்லையோ மக்னீசியா பாட்டிலையோ விட பிரமாதமா வாடைய நிறுத்துமான்னு கேட்டா, இல்ல. தோல் காயாது, கொஞ்சம் நேரம் கூட நிக்கும், உரசுற இடத்துக்கு வழுவழுப்பு குடுக்கும், யாருக்காவது குடுத்தா சந்தோஷப்படுவாங்க. இதுக்காக செய்யலாம். வாடை மட்டும்தான் கவலைன்னா தனிப்பொருள்லயே காரியம் முடிஞ்சுரும்.

அதனால என் வரிசை இப்படித்தான். தோல் சென்சிட்டிவ்னா, இல்ல முன்னாடி சோடா போட்டு அரிச்சிருந்தா, மக்னீசியா. வாடை வெங்காய ரகம்னா, இல்ல பயணம் அதிகம்னா, படிகாரம். தோல் ரொம்ப வறண்டு போறவங்க, நடக்குறப்ப உரசி புண்ணாகுறவங்க, பாம், அதுவும் மக்னீசியம் போட்டது. சோடா கடைசி. எதுவா இருந்தாலும் முதல்ல முழங்கை உள்பக்கம் ஒரு காசு அளவு இடத்துல தினம் ரெண்டு வேளை, ஒரு வாரம் பத்து நாள் தடவிப் பாருங்க, ஒரே நாள்ல ஒண்ணும் ஆகலன்னு அக்குளுக்குப் போயிராதீங்க, அலர்ஜி வர நாளாகும்.

ஆன்டிபெர்ஸ்பிரன்ட்லேர்ந்து மாறுறவங்களுக்கு முதல் சில வாரம் திடீர்னு வேர்வை கூடின மாதிரி இருக்கும். கூடல, அடைப்பு விலகி பழைய அளவுக்கு வந்திருக்கு.

துணியையும் கவனிக்கணும். பெல்ஜியத்துல கென்ட் பல்கலைக்கழகத்துல 2014-ல ஒரு ஆய்வு வந்துச்சு, உடற்பயிற்சி பண்ணவங்களோட டீசர்ட்ட வாங்கி மோந்து பாத்து பாக்டீரியாவையும் சோதிச்சாங்க, பருத்திய விட பாலியஸ்டர்தான் அதிகமா நாறுச்சு, மைக்ரோகாக்கஸ்னு ஒரு பாக்டீரியா பாலியஸ்டர்ல ஜோரா வளருது. நல்ல டியோடரன்ட் போட்டும் சட்டை போட்ட பத்து நிமிஷத்துல வாடை வருதுன்னா அது உங்க அக்குள் இல்ல, சட்டையோட அக்குள். அந்த எடத்த மட்டும் துவைக்கிறதுக்கு முன்னாடி வெந்நீர்லயும் சோடாவுலயும் அரை மணி நேரம் ஊறப்போடுங்க, சோடாவுக்கு அங்க தாராளமா வேலை இருக்கு. அக்குள் முடிய ட்ரிம் பண்ணாலும் வாடை குறையும், பாக்டீரியாவும் கொழுப்பும் ஒட்டிக்க எடம் கம்மியாகுது.

இத்தனைக்கும் மசியலன்னா, உக்காந்த எடத்துலயே சட்டை நனையுற அளவுக்கு வேர்க்குதுன்னா, அது ஹைப்பர்ஹைட்ரோசிஸ்ங்கிற நிலையா இருக்கலாம், தோல் டாக்டர்கிட்ட அதுக்கு மருந்து இருக்கு, வீட்டு டப்பாவோட மல்லுக்கட்ட வேணாம். ஆன்டிபெர்ஸ்பிரன்ட் போடுறதா முடிவு பண்ணா ராத்திரி படுக்கறப்ப காஞ்ச தோல்ல போடுங்க, வேர்வை குறைவா இருக்கிற நேரத்துலதான் அது நல்லா உள்ள உக்காரும், காலைல குளிச்சாலும் போகாது. உடம்பு வாடை காரணமே இல்லாம திடீர்னு மாறிட்டாலோ, ராத்திரில படுக்கை நனையுற மாதிரி வேர்த்தாலோ, அக்குள்ல வலிக்கிற கட்டி வந்தாலோ டியோடரன்ட மாத்திப் பாக்காதீங்க, நேரா டாக்டர்கிட்ட போங்க.